சுங்கை பாக்காப்பில் ஏழு தும்மல்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வாராவாரம் ஒரு பத்திரிகையின் இடத்தை எடுத்துக்கொள்வது சரியில்லை என்று எனக்கே தோன்றுகிறது. இதே பத்திரிகையில் சமய விளக்கம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அரசியல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் தையல் மிஷின் பழுது பார்ப்பவன். மிஷினைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் போன வாரங்களிலேயே எழுதித் தீர்த்துவிட்டேன். ஆசிரியர் இன்னும் கேட்கிறார். அதனால் இந்த வாரம் என் மூக்கைப் பற்றி எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால் நான் வருத்தப்பட மாட்டேன்.

அந்தரத்தில் நின்ற தட்டு

பதினைந்து வருடம் இருக்கும். தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. சுங்கை பாக்காப்பில் ஒரு தென்னந்தோட்டம். அந்தத் தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி முத்தையாவின் வீட்டு வாசலில் சின்னதாக ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குள் இருபது பேர் இருப்பார்கள். எனக்கும் அவர் மகள் பாக்கியத்துக்கும் நிச்சயம்.

என்னைப் பெற்றவர்கள் இருவரும் அப்போது இல்லை. எனக்காகத் தட்டு மாற்ற வந்தவர் என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். அவரும் முத்தையாவும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தை இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ஒரு சீப்பு பழம், அரக்குச் சேலை. அத்தான் கையை விட வேண்டும், முத்தையா வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அப்போது நான் தும்மினேன்.

தட்டு நின்றது. நான்கு கைகளும் அப்படியே இருந்தன. நான் மறுபடியும் தும்மினேன். பிறகு மறுபடியும். வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பொத்தியபடியே தும்மினேன். எல்லாம் முடிந்து நான் தலையை நிமிர்த்தியபோது பந்தலில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்தப் பத்திரிகையைச் சின்னப் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். ஒற்றைத் தும்மல் ஆகாது. இரட்டைத் தும்மல் நல்லது. வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். கல்யாணப் பேச்சில் விழுந்தால் தண்ணீர் போதாது. எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

என் அத்தான் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலையில் இருந்தார். மற்ற விஷயங்களில் நல்ல மனிதர். சகுனத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஓரத்தில் புள்ளி

இந்த இடத்தில் தட்டைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு என் மூக்கின் பழைய கதையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

பினாங்கு பீச் ஸ்திரீட்டில் தையல் மிஷின் விற்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. விற்ற மிஷின்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே போய்ப் பழுது பார்த்துக் கொடுப்பது. ஒரு தோல் பையில் திருப்புளி, எண்ணெய்க் குப்பி, பெல்ட், ஊசி. காலையில் படகில் கடலைத் தாண்டி, அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறினால் வடக்கே கெடா, தெற்கே நிபோங் திபால், பேராக் என்று எங்கும் போவேன். பேச்சு அதிகம் வராத எனக்கு அது தோதான வேலை. மிஷினோடு பேச வேண்டியதில்லை.

பினாங்கில் எனக்கு ஒன்றும் செய்யாது. கடலைத் தாண்டினால் சில நாட்கள் மட்டும் மேலண்ணம் அரிக்கத் தொடங்கும். பிறகு கண் ஓரம் அரிக்கும். பிறகு தும்மல். ஒன்று வந்தால் அடுத்தடுத்து வரும். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. படகில் திரும்பி வரும்போது நடுக்கடலில் நின்றுவிடும்.

முதலில் மிஷின் எண்ணெய் என்று நினைத்தேன். எண்ணெயை மாற்றினேன். பிறகு ரயில் புகை என்று நினைத்து, புகை வராத பக்கமாக உட்கார்ந்து பார்த்தேன். பிறகு கொப்பரை வாட்டும் புகை என்று நினைத்தேன். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் வேலைச் சிட்டையின் ஓரத்தில், போன ஊரின் பெயருக்கு நேரே, ஒரு தும்மலுக்கு ஒரு புள்ளி என்று பென்சிலால் வைக்கத் தொடங்கினேன். கம்பெனி மேனேஜர் ஒரு தடவை அதைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். திருகாணிக் கணக்கு என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வருடப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது இவ்வளவுதான். கெடாவில் நெற்பயிர் பூக்கும்போது, காலை ஒன்பது மணியிலிருந்து உச்சிவேளை வரை, புள்ளி வைக்க ஓரம் போதவில்லை. அறுத்த பிறகு அதே ஊரில் ஒன்றுமில்லை. பாரிட் புந்தாரிலும் அப்படியேதான், அங்கேயும் நெல். தைப்பிங்கில் எப்போதும் மழை, அதனால் புள்ளியே கிடையாது. ரப்பர்த் தோட்டத்தின் உள்ளே அபூர்வமாக ஒன்று இரண்டு. பினாங்குக் கொடிமலை உச்சியில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் மிஷின் பார்க்கப் போனபோது ஒன்றுகூட இல்லை, குளிர்தான்.

வேடிக்கை என்னவென்றால் பினாங்கில் கடற்கரை எஸ்பிளனேட் ஓரத்து அங்சானா மரங்கள் பூத்துக் கொட்டும்போது ரோடே மஞ்சளாகிவிடும். தலையில் விழும், சட்டைப் பையில் விழும், சில நாட்கள் தோசையில்கூட விழும். அதற்கு நான் தும்மியதே இல்லை. ஒரு தடவை வேண்டுமென்றே ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தேன். நல்ல வாசனை. பக்கத்தில் ரிக்‌ஷா இழுக்கும் சீனர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை அந்தப் பக்கம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கம் மட்டும் நெல்லும் சேராமல் ரப்பரும் சேராமல் தனிக் கணக்காக இருந்தது. தை, மாசி வறட்சியில் மட்டும் வரும். மழை பெய்த மறுநாள் வராது. ஏன் என்று எனக்குப் புலப்படவில்லை.

முதுகை மட்டும் பார்த்தது

எனக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. டவுனில் நம்மவர் வீட்டுப் பெண்கள் குறைவு. அதனால் அத்தான் வெளியூரில் பார்த்தார்.

முதல் பெண் அலோர் ஸ்டாரில். கார்த்திகை மாதம். வீட்டைச் சுற்றி வயல். பெண் வெற்றிலைத் தட்டோடு வாசல்படியைத் தாண்டினாள், நான் ஒரு தும்மல் போட்டேன். அவள் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். பெண் தட்டோடு அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். முதுகை மட்டும் பார்த்தேன். பின்னல் நீளமாக இருந்தது.

இரண்டாவது பெண் பாரிட் புந்தாரில். அங்கே மூன்று தும்மல். முதுகைக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் என்னைத் தும்மல் மாப்பிள்ளை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்குப் பரவாயில்லை. அந்த இரண்டு பெண்களையும், "அதான், மாப்பிள்ளை தும்மினானே, அந்தப் பொண்ணு" என்று சொன்னார்களாம். அது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அலோர் ஸ்டார் பெண்ணுக்கு அடுத்த வரன் வர இரண்டு வருடம் ஆயிற்று. இது என் மூக்கு செய்த வேலை என்று யாரிடமாவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மிஷின்காரரே

முத்தையா வீட்டு மிஷினை நான் அதற்கு முன்பே அறிவேன். கையால் சுற்றும் மிஷின். முத்தையாவின் சம்சாரமும் மகள் பாக்கியமும் தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார்கள். ஒரு மாசி மாதம் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சன்னல் ஓரம் மிஷின். சன்னலுக்கு வெளியே பழைய கரும்புக்காடு. கரும்பை நிறுத்திய பிறகு அங்கே யாரும் ஒன்றும் நடவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் லாலாங் புல், வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நான் உட்கார்ந்து ஷட்டிலைக் கழற்றினேன். தும்மத் தொடங்கினேன். கழற்றிய சின்னத் திருகாணி ஒன்று தும்மலில் பறந்துபோயிற்று.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மிஷின்காரரே, எண்ணெ போட வேண்டியது மிஷினுக்கா, உங்க மூக்குக்கா?"

நான் தரையில் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அந்தச் சன்னலச் சாத்திடவா? பால்காரரும் அங்க நின்னாத்தான் தும்முவாரு. இந்தப் பக்கம் வந்தா நின்னுடும்."

பாக்கியமே வந்து சன்னலைச் சாத்தினாள். போகும்போது குனிந்து மேசைக் காலுக்கு அடியிலிருந்து திருகாணியை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டுப் போனாள். கால் மணி நேரத்தில் என் தும்மல் நின்றது.

அந்த வீடுகளில் பழுது பார்க்கப் போகிறவனைப் பெண்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் என்னை அண்ணே என்று சொல்லவில்லை. முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். அந்த மிஷின் அந்த வருடம் இன்னும் மூன்று தடவை பழுதாயிற்று. மூன்று தடவையும் அவள் மிஷின்காரரே என்றுதான் கூப்பிட்டாள்.

நான் அக்காவிடம் சொன்னேன். நான் என் வாயால் கேட்ட ஒரே பெண் அவள்தான்.

அத்தான் போய்ப் பேசினார். முத்தையா சம்மதித்தார். ஆனால் படகில் திரும்பும்போது அத்தான் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இதோட மூணாவது. இதுவும் முறிஞ்சா இன்னொரு வீட்டு வாசல்ல போய் நிக்க என்னால ஆவாதுலா."

டிரெஸ்ஸர் சொன்னது

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் அருளப்பன் என்று ஒரு கிறிஸ்தவர் இருந்தார். மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் அவர்தான். அவர் வீட்டு மிஷினைப் பார்க்கப் போனபோது என் சிட்டைப் புள்ளிகளைக் காட்டினேன். அதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மிஷினு, இது பூத்தூளு," என்றார். அவர் என்னை மிஷினு என்றுதான் கூப்பிடுவார். "புல்லு பூக்கும்போது தூளு காத்துல பறக்கும். நெல்லும் புல்லுதான். உன் மூக்குக்கு அது ஒத்துக்கல. வெள்ளைக்காரன் இத வைக்கோல் காய்ச்சல்னு சொல்றான்."

"எனக்குக் காய்ச்சல் இல்லையே."

"இங்க வைக்கோலும் இல்ல. அவன் சொல்றான், விடு."

அங்சானாவுக்கு ஏன் தும்மல் வரவில்லை என்று கேட்டேன்.

"அது அழகா இருக்குல்ல? வண்டு வந்து தூள எடுத்துக்கிட்டுப் போயிடும். புல்லுகிட்ட எந்த வண்டு வரும்? அது காத்த நம்பித்தான் இருக்கு. காத்து உன் மூக்கு வழியா போவுது."

மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். மழை என்றார். இல்லாவிட்டால் அடைத்த அறை. ரெண்டும் இல்லாவிட்டால் பஞ்சில் வாசலின் தடவி மூக்கில் வைத்துக்கொள், தூள் உள்ளே போகாது என்று ஒரு பொட்டலம் பஞ்சு கொடுத்தார்.

பஞ்சாங்கமும் சிட்டையும்

நிச்சயத்துக்குத் தை மாதம் ஒரு ஞாயிறு, ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம் என்று அத்தான் குறித்துக்கொண்டு வந்தார். என் சிட்டைப்படி வருடத்தில் அதைவிட மோசமான நேரம் சுங்கை பாக்காப்பில் கிடையாது.

நான் அதை அக்காவிடம் சொன்னேன். அக்கா அத்தானிடம் சொன்னாள். மூன்று பேரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

"சித்திரையில வச்சுக்கலாமாங்குறான். மழை வந்துடுமாம்."

"மழையில யாராச்சும் தட்டு மாத்துவாங்களா?"

"இல்லன்னா சாயங்காலமா வச்சுக்கலாமாம்."

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் ராகு காலம். நல்ல நேரத்த பஞ்சாங்கம் பாத்து வைப்பாங்களா, இவன் மூக்கப் பாத்து வைப்பாங்களா?"

"லாலாங் புல்லுதான் ஆவலையாம். டிரெஸ்ஸர் சொன்னாராம்."

அத்தான் சிரித்தார். "அது தர்ப்பைடா. இந்த ஊருல பூசாரி அதத்தான் கிள்ளி மோதிரம் பண்றாரு. தர்ப்பைக்கா ஒருத்தன் தும்முவான்?"

கடைசிக் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டார்.

பஞ்சு

அன்று காலை நிபோங் திபாலில் ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்டேஷன் குழாயடியில் முகம் கழுவி, டிரெஸ்ஸர் சொன்னபடி பஞ்சை வைத்துக்கொண்டேன். அங்கிருந்து மாட்டு வண்டி. இரண்டு பக்கமும் லாலாங் வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. மழை பெய்து ஒரு மாதம் இருக்கும். ரோட்டுப் புழுதியில் மாட்டின் கால் புதைந்தது. ஒரு தும்மல்கூட வரவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் புல்லைத் தெளிந்த கண்ணால் பார்த்தேன்.

பந்தலில் போய் உட்கார்ந்தேன். முத்தையா என்னிடம் பிரயாணம் எப்படி என்று கேட்டார். பதில் சொன்னேன். என் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து குனிந்து நன்றாகப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அடப்பாவி, மூக்குல என்னடா பஞ்சு?"

"டிரெஸ்ஸர் கொடுத்தது."

"மூக்குல பஞ்சு யாருக்குடா வைப்பாங்க? நிச்சயத்துக்கு வந்த வீட்டுல பொணம் மாதிரி உக்காந்திருக்கியே! எடுடா, யாரும் பாக்குறதுக்குள்ள எடு!"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் சொன்ன பிறகு தோன்றியது. டிரெஸ்ஸருக்கும் தோன்றியிருக்காது. வேட்டியால் மறைத்துக்கொண்டு எடுத்துவிட்டேன்.

அத்தான் தட்டைத் தூக்கினார். பந்தலுக்குள் கிழக்கேயிருந்து காற்று வந்தது.

எண்ணிக்கை

இப்போது தட்டுக்குத் திரும்பி வருகிறேன்.

அத்தான் தட்டை விடாமலே கேட்டார். "எத்தன?"

"ஏழு," என்றார் முத்தையா. "நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்." ஸ்டோரில் தேங்காய் எண்ணுகிறவர், தப்பாக எண்ண மாட்டார். மூட்டை எண்ணும் அத்தானும் ஏழுதான் எண்ணியிருந்தார்.

"ஏழுன்னா ஒத்தையில்ல?" என்றார் அத்தான்.

"மூணு ஜோடி இருக்கே. மூணு நல்லத விட்டுட்டு ஒரு கெட்டத மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்படி?"

"கடைசியில தனியா நிக்கிறதுதான் கணக்கு."

டிரெஸ்ஸர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "அண்ணே, இது சகுனமில்ல. பூத்தூளு. புல்லுலேருந்து..."

"டிரெஸ்ஸர், நீங்க வேதக்காரரு. இது எங்க விஷயம். உக்காருங்க," என்றார் அத்தான்.

"எங்க வீட்டுலயும் தும்முனா உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான்ணே கோயிலுக்குக் கெளம்புவோம். சாமியார்கிட்ட சொல்றதில்ல, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அது எனக்கு உதவியாக இல்லை.

முத்தையா யோசித்தார். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குமோ என்னவோ. கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. இருபது பேரும் திரும்பி என் மூக்கைப் பார்த்தார்கள்.

நான் சின்ன வயதிலிருந்தே யாராவது பார்த்தால் கை ஓடாதவன். மேனேஜர் பக்கத்தில் நின்றால் ஊசியில் நூல் கோக்க வராது. மூக்கும் அப்படித்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். அரிப்பு நின்றது. கண்ணீர் நின்றது. மூச்சு தாராளமாக வந்தது. காற்று வந்த பக்கம் திரும்பி ஆழமாக இழுத்தேன். ஒன்றுமில்லை. வீட்டுக்குள் கடிகாரம் ஓடும் சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது.

"மணி என்ன?" என்றார் அத்தான்.

உள்ளேயிருந்து முத்தையாவின் சம்சாரம் சொன்னார். "பத்து அடிச்சு பத்து நிமிசம் ஆச்சு."

முத்தையா ஒரு கையைத் தட்டிலிருந்து எடுத்து, இடுப்பிலிருந்து பொடி டப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஒரு சிட்டிகை போடுங்க மாப்ள." தட்டு மாறுவதற்கு முன்பே மாப்ள என்று சொல்லிவிட்டார். அத்தான் அதைக் கவனித்தார்.

நான் பொடி போட்டுப் பழக்கமில்லை. ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். வந்தது. நிறுத்த முயன்றேன். என்னால் முடிந்தவரை முயன்றேன். இன்னொன்றும் வந்தது.

"ஒம்போது," என்றார் அத்தான்.

பந்தலில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். முத்தையா டப்பியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அத்தான் தட்டைத் தன் பக்கம் மெல்ல இழுத்தார். முத்தையா விடவில்லை, ஆனால் இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. வெற்றிலை மேலிருந்த பாக்கு ஒன்று உருண்டு பாயில் விழுந்தது. "மன்னிச்சுக்குங்க," என்றார் அத்தான். நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னார். "நாளைக்கு உங்க பொண்ணுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?" பிறகு என்னைப் பார்த்து, "எந்திரிடா," என்றார்.

நான் எழுந்தேன். அலோர் ஸ்டார் பெண்ணின் பின்னல் ஞாபகம் வந்தது. இனி இந்த வீட்டுப் பெண்ணையும் அதே மாதிரிதான் சொல்வார்கள். இது என் மூக்குதான், இந்தப் பெண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இருபது பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். இன்னொரு தும்மல் வருகிறது என்று நினைத்து எல்லோரும் காத்திருந்தார்கள்.

அப்போது ஒரு தும்மல் கேட்டது.

சின்னத் தும்மல்தான். மிஷினில் ஊசி முறியும்போது ஒரு சத்தம் வருமே, அந்த அளவு. அது என்னிடமிருந்து வரவில்லை. சாத்தியிருந்த சன்னலுக்குப் பின்னாலிருந்து, வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"பத்து," என்றார் முத்தையா, உடனே.

"யாரது?" என்றார் அத்தான்.

உள்ளே ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு முத்தையாவின் சம்சாரம், "பாக்கியந்தான்," என்றார்.

அத்தான் அவ்வளவு சுலபமாக விடுகிறவர் இல்லை. "பொண்ணு தும்முனது பொண்ணு கணக்கு. மாப்ள கணக்குல சேராது. அவன் ஒம்போது, அது ஒண்ணு. ரெண்டும் ஒத்தை."

என் அக்கா நாலு பேர் கூடிய இடத்தில் அத்தானுக்கு எதிராக ஒரு சொல் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. பாயில் விழுந்த பாக்கை எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேக்கத்தானே தட்டத் தூக்கிக்கிட்டுக் கடலத் தாண்டி வந்தோம்? தும்மல மட்டும் ஏன் தனித்தனியா வைக்கிறீங்க?"

அத்தான் மணி என்ன என்று மறுபடியும் கேட்டார். பத்து இருபத்திரண்டு என்றார்கள்.

"சரிலா," என்றார். "புடிங்க சம்பந்தி."

தட்டு மாறியது.

கேட்டதும் சொன்னதும்

பாக்கியம் அந்த ஊரில் பிறந்து, அந்தப் புல்லுக்கு நடுவில் வளர்ந்தவள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் தும்மி நான் கேட்டதில்லை. சமையலில் மிளகாய் வறுத்தால் வீட்டில் எல்லோரும் தெருவுக்கு ஓடிவிடுவோம். அவள் மட்டும் நின்று கிண்டுவாள்.

ஒரே ஒரு தடவை அவளிடம் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று. அன்றைக்கு நீ நிஜமாகவே தும்மினாயா என்று.

துணியை மடித்துக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏன், ஊருல உங்களுக்கு மட்டுந்தான் மூக்கு இருக்கா?" என்றாள்.

இதை நான் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, எழுதுங்க, ஆனா எங்கப்பா சரியா எண்ணினாருன்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

நிச்சயத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. நிபோங் திபாலில் ஒரு தையற்கடையில் மூன்று மிஷின்களுக்கு எண்ணெய் போட்டு, ஒன்றுக்குப் பெல்ட் மாற்றினேன். நிறையத் தும்மினேன். எத்தனை என்று எண்ணவில்லை.